தானே கரையும் ஸ்க்ரூ... எலும்புக்குக் கைகொடுத்து, நேரம் பார்த்து விலகும் விந்தைப் பொருள்!

கை, கால் எலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்துத் தைத்த வீடுகளில் காயம் ஆறியதும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. ''இந்த பிளேட்டை எப்ப டாக்டர் எடுக்கணும்?''

பதில் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குத் தொந்தரவு தராத உலோகமாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம் என்பார்கள். வளரும் பிள்ளைகள் என்றால் பல நேரங்களில் எடுத்துவிடச் சொல்வார்கள். எடுப்பதென்றால் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர், மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் தையல், மறுபடியும் செலவு. முதல் ஆபரேஷனுக்கே நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு இந்த இரண்டாவது ஆபரேஷன் எவ்வளவு பெரிய சுமை என்று சொல்லத் தேவையில்லை.

''எடுக்கவே வேண்டாம்... எலும்பு கூடியதும் அதுவே உள்ளே கரைந்துவிடும்'' என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்?

சில சிகிச்சைகளில் இன்று அப்படிச் சொல்கிறார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்த விளையாட்டு வீரர்களுக்குப் போடும் ஸ்க்ரூ, தோள்பட்டைத் தசைநாரைப் பிடித்து நிறுத்தும் குட்டி ஆணி, முகத்தில் முறிந்த எலும்புகளைச் சேர்க்கும் மெல்லிய பிளேட் எனப் பல இடங்களில் கரையும் பொருள்கள் வந்துவிட்டன. இவற்றில் ஒரு வகை, பிளாஸ்டிக் போன்ற பாலிமரையும் பீங்கான் இனத்தைச் சேர்ந்த செராமிக்கையும் கலந்து செய்தது.

கரையும் பொருளைச் செய்வது பெரிய கஷ்டமில்லை. பலமான பொருளைச் செய்வதும் பெரிய கஷ்டமில்லை. தேவைப்படும் நாள் வரை பலமாக நின்று, அதன்பிறகு மெள்ள மெள்ள விலகும் பொருளைச் செய்வதுதான் கஷ்டம். வீடு கட்டும்போது கான்கிரீட் தளத்துக்குக் கீழே சென்ட்ரிங் அடிப்பார்கள் அல்லவா? அதை மறுநாளே பிரித்தால் தளம் இறங்கிவிடும். பிரிக்காமல் அப்படியே விட்டால் வீட்டுக்குள் குடிபோக முடியாது. எலும்புக்கு முட்டுக்கொடுக்கும் பொருளின் கதையும் இதேதான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே சென்ட்ரிங்கைப் பிரிக்க ஆள் கிடையாது. அதுவே நேரம் பார்த்துப் பிரிந்துகொள்ள வேண்டும்!

கோழிக்கால் எலும்பு சொல்லும் ரகசியம்

எலும்புக்கு மாற்றுப்பொருள் செய்ய வேண்டுமென்றால், முதலில் எலும்பு எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். அதற்கு லேப் தேவையில்லை, வீட்டுச் சமையலறையே போதும். சாப்பிட்டு முடித்த கோழிக்கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவி, ஒரு பாட்டிலில் வினிகர் ஊற்றி அதில் போட்டு மூடிவையுங்கள். இடையில் ஓரிரு முறை வினிகரை மாற்றுங்கள். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். உடையாது!

வினிகரில் உள்ள அமிலம், எலும்பில் இருந்த கால்சியம் உப்புகளைக் கரைத்து எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற புரத நார்தான். இதற்கு நேர்மாறாக எலும்பைத் தணலில் போட்டு எரித்தால் நார் எரிந்துபோய், வெள்ளை வெளேரென்ற தாது மட்டும் மிஞ்சும். பார்க்க எலும்பு மாதிரியே இருக்கும். ஆனால், விரலால் அழுத்தினாலே நொறுங்கிவிடும்.

ஒன்று வளையும், தாங்காது. இன்னொன்று தாங்கும், வளையாது. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு. எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன், கொஞ்சம் தண்ணீர். அதாவது, இயற்கையே செராமிக்கையும் பாலிமரையும் கலந்துதான் எலும்பைச் செய்திருக்கிறது. மண் சுவர் வெடிக்காமல் இருக்க நம் முன்னோர் மண்ணோடு வைக்கோலைக் கலந்து குழைத்தார்களே... அதே சூத்திரம்தான்.

பலமே குறையாகும்போது...

'எஃகும் டைட்டானியமும் எலும்பைவிடப் பலமானவைதானே, அவற்றை வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பெரிய எலும்பு முறிவுகளுக்கு இன்றும் அவைதான் கைகொடுக்கின்றன. ஆனால், அவற்றின் அதிகப்படியான விறைப்பு சில நேரங்களில் சிக்கலாகிறது.

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதை 'கிகாபாஸ்கல்' என்ற அலகால் அளப்பார்கள். நம் கால் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி சுமார் 10 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியம் உலோகக் கலவை சுமார் 110. துருப்பிடிக்காத எஃகு சுமார் 200. இவ்வளவு விறைப்பான பிளேட்டை எலும்போடு சேர்த்து இறுக்கினால், நடக்கும்போது வரும் பாரத்தின் பெரும்பகுதியை பிளேட்டே வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் எலும்புக்கு வேலை குறைந்துவிடும்.

எலும்போ, வேலை செய்தால் மட்டுமே வலுவாக இருக்கும் உறுப்பு. பாரம் விழும் இடத்தில் எலும்பு கெட்டிப்படும், பாரம் இல்லாத இடத்தில் மெலியும் என்பதை ஜெர்மன் அறுவைசிகிச்சை நிபுணர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்தார். விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு, உடல் பாரத்தைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை அடர்த்தி குறைகிறது என்கிறது நாசா. பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமலே வளர்த்தால் அது எப்போது நடை பழகும்? விறைப்பான பிளேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எலும்பின் நிலையும் அதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண்டையோடு வளரும்போது வெளிப்பக்கம் எலும்பு சேரும், உள்பக்கம் கரையும். வெளியே வைத்த சின்ன உலோக பிளேட், நாளடைவில் மண்டையோட்டின் உள்பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவது உண்டு. கைக்குழந்தைகளின் மண்டையோட்டு ஆபரேஷன்களில் கரையும் பொருள்களை டாக்டர்கள் நாடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தையல் நூலில் பிறந்த யோசனை

உடலுக்குள் கரையும் பொருள் என்ற எண்ணம் புதிதல்ல. ஆடு, மாடுகளின் குடலில் இருந்து எடுத்த 'கேட்கட்' என்ற தையல் நூலை டாக்டர்கள் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அதைப் பிரிக்கத் தேவையில்லை. உடலே அதைச் செரித்துவிடும்.

1966-ல் அமெரிக்க ராணுவ மருத்துவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த குல்கர்னியும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமரை விலங்குகளின் உடலில் வைத்துப் பார்த்ததில், அது தீங்கு செய்யாமல் மெள்ளச் சிதைகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தயிர் புளிப்பதற்குக் காரணமான லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலி மாதிரி கோத்தால் கிடைப்பதுதான் இது. உடலில் உள்ள தண்ணீர் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கும். கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலம், நாம் வேகமாக ஓடும்போது தசைகளில் உண்டாகும் அதே சரக்கு. அதை கார்பன் டை ஆக்ஸைடாகவும் தண்ணீராகவும் மாற்றி வெளியேற்ற உடலுக்குத் தெரியும்.

1970-வாக்கில் இதன் ஒன்றுவிட்ட சகோதரனான பாலிகிளைகோலிக் அமிலத்தில் செய்த தையல் நூல் விற்பனைக்கு வந்தது. நூல் கரைகிறது என்றால் ஆணியும் கரையுமே என்று எலும்பு டாக்டர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு நாடுகள், இரண்டு பாடங்கள்

முதலில் துணிந்தது ஃபின்லாந்து. பொருளியல் விஞ்ஞானி பெர்ட்டி டோர்மாலாவும் எலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் பென்ட்டி ரோக்கனனும் கைகோத்தார்கள். அதே பாலிமரின் இழைகளை அதே பாலிமருக்குள் பொதித்துப் பலம் கூட்டிய குச்சிகளைக் கொண்டு, 1984-ல் ஹெல்சிங்கியில் கணுக்கால் முறிவுகளுக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். பெரும்பாலானவர்களுக்கு எலும்பு நன்றாகக் கூடியது. இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படவில்லை.

ஆனால், ஒரு சிலருக்கு இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து அந்த இடம் வீங்கி, தோலில் சிறு துளை விழுந்து நீர் வடிந்தது. கிருமித்தொற்று இல்லை. பாலிகிளைகோலிக் அமிலம் மிக வேகமாகக் கரைந்ததுதான் காரணம். அமிலக் கழிவு ஒரே நேரத்தில் குவிய, உடலால் அள்ளி வெளியேற்ற முடியவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி இலை எடுத்தால் பிரச்னையில்லை. எல்லாப் பந்தி இலையையும் ஒரே சமயத்தில் எடுக்கச் சொன்னால்?

அடுத்த பாடம் நெதர்லாந்தில் கிடைத்தது. க்ரோனிங்கன் நகர டாக்டர்கள், கன்ன எலும்பு முறிந்த 10 பேருக்கு, மிக மெதுவாகக் கரையும் பாலிலாக்டிக் அமில வகையில் செய்த பிளேட்டையும் ஸ்க்ரூவையும் வைத்தார்கள். எலும்பு அருமையாகக் கூடியது. எல்லோரும் மறந்தும்போனார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, அவர்களில் சிலர் அதே இடத்தில் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். திறந்து பார்த்தபோது, பிளேட் முழுதாகக் கரையாமல் நுண்ணிய படிகத் துகள்களாக உடைந்து கிடந்தது. உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்துச் சுற்றிலும் திசுவைச் சூழ வைத்திருந்தது. இந்த அனுபவத்தை அந்த டாக்டர்கள் ஒளிக்காமல் 1990-களில் ஆய்விதழ்களில் எழுதினார்கள். அதனால்தான் அடுத்து வந்தவர்கள் தப்பித்தார்கள்.

வேகமாகக் கரைந்தாலும் தொல்லை, கரையாமல் கிடந்தாலும் தொல்லை. இதற்கும் மேல் மூன்றாவதாக ஒரு குறை. பாலிமர் எவ்வளவுதான் நல்லதாக இருந்தாலும் எலும்போடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்தில் இருக்குமே தவிர, எலும்பு அதன்மேல் பிடித்து வளராது. இங்கேதான் செராமிக் உள்ளே வருகிறது.

எலும்போடு ஒட்டிக்கொண்ட கண்ணாடி

1967-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி ஹென்ச், ஒரு மாநாட்டுக்காக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில், வியட்நாம் போரில் இருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர். காயம்பட்ட வீரர்களின் உடல், உள்ளே வைத்த உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏற்காததால் கை, கால்களை இழப்பதைச் சொல்லி, உடல் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளைச் செய்ய முடியாதா என்று கேட்டார்.

ஹென்ச் யோசித்தார். எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும். அவை கலந்த ஒரு கண்ணாடியைச் செய்தால்? மணல், சோடா, சுண்ணாம்பு, கொஞ்சம் பாஸ்பரஸ் சேர்த்து உருக்கிய அந்தக் கண்ணாடியை 1969-ல் எலியின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து எடுக்கப்போனால், கண்ணாடி வர மறுத்தது. எலும்போடு எலும்பாக ஒட்டியிருந்தது! உயிருள்ள எலும்போடு நேரடியாகப் பிணைந்த முதல் செயற்கைப் பொருள் அது. இன்று அதன் பெயர் 'பயோகிளாஸ்'.

ஆனால் கண்ணாடியும் பீங்கானும் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பது காபி கோப்பையை உடைத்த எல்லோருக்கும் தெரியும். தனியாக வைத்தால் பாரம் தாங்காது. அப்படியானால் எலும்பைப் போலவே இரண்டையும் கலப்பதுதானே முறை? லண்டனில் வில்லியம் பான்ஃபீல்ட் 1981-ல் அதைத்தான் செய்தார். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்குக்குள் ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்களைக் கலந்து, எலும்பின் விறைப்புக்கு ஒத்துப்போகும் பொருளை உருவாக்கினார். காதின் நடுப்பகுதியில் உள்ள குட்டி எலும்புகளுக்கு மாற்றாக அது பயன்பட்டது. அதற்கு ஒரே குறை, பாலிஎத்திலீன் கரையாது.

அந்தப் பாலிஎத்திலீனை எடுத்துவிட்டு, பாலிலாக்டிக் அமிலத்தைப் போட்டால்? ஒரே கல்லில் மூன்று மாங்காய். செராமிக் துகள்கள் விறைப்பைக் கூட்டும். எலும்பு பிடித்து வளர இடம் கொடுக்கும். கால்சியம் பாஸ்பேட் காரத்தன்மை கொண்டது என்பதால், பாலிமர் கரையும்போது வரும் அமிலத்தையும் ஓரளவு தணிக்கும்.

ரவையும் கட்டியும்

கேட்க சுலபம். செய்வதில்தான் எல்லாச் சங்கடமும்.

கொதிக்கும் தண்ணீரில் ரவையை ஒரே மூச்சில் கொட்டினால் என்ன ஆகும்? கட்டி தட்டும். செராமிக் துகள்களும் அப்படித்தான். எவ்வளவு நுண்ணியதாக அரைக்கிறோமோ, அவ்வளவு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். உப்புமாவில் கட்டி இருந்தால் முகம் சுளிப்போம், அவ்வளவுதான். ஸ்க்ரூவில் கட்டி இருந்தால், அந்த இடத்தில்தான் முதல் விரிசல் விழும். அதனால் பாலிமரை ஒரு திரவத்தில் கரைத்து, அதில் துகள்களைச் சீராகக் கலக்கி, பிறகு திரவத்தைப் பிரித்தெடுப்பது போன்ற வழிகளைக் கையாள்கிறார்கள்.

அடுத்தது ஒட்டுதல். பாலிமருக்கும் செராமிக்குக்கும் இயல்பாக அவ்வளவு ஒத்துப்போகாது. இடையில் இண்டு விழுந்தால் அது வழியாகத் தண்ணீர் நுழைந்து, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பலம் போய்விடும். செங்கலை நனைக்காமல் சிமென்ட் கலவை வைத்துக் கட்டினால் பிடிப்பு இல்லாமல் போவது போலத்தான். துகள்களின் மேற்பரப்பில் மெல்லிய வேதிப்பூச்சு கொடுத்தோ, பாலிமர் சங்கிலிகளை அதன்மீதே வளர்த்தோ இந்தப் பிடிப்பை உண்டாக்குகிறார்கள்.

மூன்றாவது, அளவு. செராமிக் கூடினால் விறைப்பும் கூடும். ஆனால், ஓர் எல்லைக்கு மேல் போனால் ஸ்க்ரூ சாக்பீஸ் போல ஒடியும். இன்று புழக்கத்தில் உள்ள பல ஸ்க்ரூக்களில் செராமிக்கின் பங்கு எடையில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். எலும்பில் உள்ள தாதுவின் அளவுக்குப் பாதிதான் இது. இயற்கை போடும் அளவை மனிதனால் இன்னும் போட முடியவில்லை.

அப்படியானால் பலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? இதற்கு ஜப்பானில் நல்ல விடை கிடைத்தது. ஷிகினாமி, ஒகுனோ என்ற இருவர், கொல்லர் பட்டறையின் முறையைக் கையில் எடுத்தார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்கள் கலந்த பாலிலாக்டிக் அமிலக் கட்டையை, உருகும் சூட்டுக்குக் கீழான மிதமான சூட்டில் வைத்து, குறுகலான அச்சுக்குள் பலமாக அழுத்தினார்கள். சிக்கலாகக் கிடந்த பாலிமர் சங்கிலிகள் வரிசையாகப் படிந்து இறுகின. அந்தக் கட்டையைக் கடைந்து ஸ்க்ரூவும் பிளேட்டும் செய்தார்கள். வளைத்துப் பார்க்கும் சோதனையில் அதன் பலம் எலும்பின் கெட்டியான பகுதியையே மிஞ்சியது. விறைப்போ எலும்பை ஒட்டியே இருந்தது. 1999-ல் வெளியான இந்த ஆய்வு, துறையில் ஒரு திருப்புமுனை.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஹைட்ராக்ஸிஅபடைட்டைச் சூளையில் பீங்கான் போலச் சுட்டால் அது உடலில் பல ஆண்டுகள் கரையாமல் கிடக்கும். அதனால், அவர்கள் சுடாத துகள்களையே பயன்படுத்தினார்கள். பாலிமர் போனதும் செராமிக்கும் மெள்ளப் போய், அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்து முடித்த ஸ்க்ரூவைக் கிருமிநீக்கம் செய்வதிலும் சிக்கல் உண்டு. உலோகக் கருவிகளைப் போல நீராவியில் வேகவைத்தால் ஈரமும் சூடும் சேர்ந்து பாலிமர் சங்கிலியை அறுத்துவிடும். காமா கதிரும் சங்கிலியைக் கத்தரிக்கும். அதனால் எத்திலீன் ஆக்ஸைடு வாயுவைப் பல நிறுவனங்கள் நாடுகின்றன. கடைசிக் கட்டத்தில் கவனம் பிசகினால் முதலில் இருந்து பட்ட பாடு வீண்!

பனிக்கட்டி கட்டிக்கொடுத்த சுவர்

முத்துச்சிப்பியின் உள்பக்கம் பளபளவென்று இருக்குமே, அதில் சுமார் 95 சதவிகிதம் சாதாரண சுண்ணாம்புச் சத்துதான். ஆனாலும், சுண்ணாம்பைப் போல உடையாது. காரணம், கட்டுமானம். செங்கல் அடுக்கியது போல மெல்லிய தாது ஓடுகள், நடுவே பசை போலக் கொஞ்சம் புரதம். விரிசல் நேராக ஓட முடியாமல் ஒவ்வோர் ஓட்டையும் சுற்றிச் சுற்றிப் போய்க் களைத்து நின்றுவிடும்.

இப்படி அடுக்குவது எப்படி? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 2006-ல் அந்த வேலையைப் பனிக்கட்டியிடம் ஒப்படைத்தார்கள். கடல் நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடும். அதேபோல, செராமிக் துகள் கலந்த தண்ணீரை ஒரு பக்கமாக உறையவைத்தால், பனிக்கட்டி தகடு தகடாக வளர்ந்து துகள்களை இடைவெளிகளுக்குள் ஒதுக்கும். பிறகு பனிக்கட்டியை உருகவிடாமல் அப்படியே ஆவியாக்கி, மிச்சத்தைச் சுட்டால், வரிசை வரிசையான செராமிக் சுவர்கள் கிடைக்கும். நடுவே இருக்கும் சந்துகளில் பாலிமரை நிரப்பலாம். இப்படிச் செய்த நுண்துளை ஹைட்ராக்ஸிஅபடைட், அன்று புழக்கத்தில் இருந்ததைவிட நான்கு மடங்கு வரை பலம் காட்டியது. எலும்பில் இருக்கும் அளவுக்குச் செராமிக்கைக் கூட்டவும் நொறுங்காமல் காக்கவும் இது ஒரு வழி.

நம் ஊர்ப் பக்கமும் வேலை நடக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், எலும்பில் விழுந்த குழிகளை நிரப்பும் செராமிக் பொருள்களை உருவாக்கியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2007-ல் குப்பையில் போகும் முட்டை ஓட்டிலிருந்து, மைக்ரோவேவ் உதவியோடு ஹைட்ராக்ஸிஅபடைட் நுண்துகள்களைத் தயாரித்துக் காட்டினார்கள். முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம்தானே!

எங்கே உதவும், எங்கே உதவாது?

இவ்வளவு படித்ததும் 'இனி உலோகமே வேண்டாம்' என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தொடை எலும்பு, கெண்டைக்கால் எலும்பு போன்ற பெரிய பாரம் தாங்கும் இடங்களில் இன்றும் உலோக ராடும் பிளேட்டும்தான் நம்பகமானவை. கரையும் கலவைகள் கைகொடுப்பது பாரம் குறைந்த இடங்களில். முழங்கால், தோள்பட்டை ஜவ்வு ஆபரேஷன்கள், முகம், மண்டையோடு, சிறிய எலும்புத் துண்டுகள் போன்றவை அந்தப் பட்டியலில் வரும்.

இவற்றால் வேறொரு வசதியும் உண்டு. உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் படங்களில் அந்த இடம் மறைந்து கலங்கலாகத் தெரியும். கரையும் ஸ்க்ரூவில் அந்தத் தொல்லை இல்லை.

குறைகளும் உண்டு. முறுக்கும்போது ஸ்க்ரூ உடைவது உலோகத்தைவிட அதிகம். அதனால் டாக்டர்கள் முதலில் எலும்பில் மரை போட்டுவிட்டுத்தான் இதை இறக்குவார்கள். சிலருக்கு அந்த இடத்தில் வீக்கமோ நீர்க்கட்டியோ வருவது உண்டு. விலையும் பொதுவாக உலோகத்தைவிடக் கூடுதல்.

'கரையும்' என்ற சொல்லையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை தண்ணீரில் கரைவது போல நாலு நாளில் கரையாது. பலம் குறைய மாதங்கள் ஆகும். முழுதாக மறைய, பொருளைப் பொறுத்து ஓராண்டும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். ஸ்கேனில் இன்னும் தெரிகிறதே என்று பதற வேண்டியதில்லை. அதே சமயம், ஆறிப்போன இடம் ஆண்டுகள் கழித்து வீங்கினால், 'அது எப்போதோ கரைந்திருக்கும்' என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது.

டாக்டரிடம் கேளுங்கள்

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது தயங்காமல் கேட்க வேண்டியவை:

• வைக்கப்போவது உலோகமா, கரையும் பொருளா? எனக்கு (அல்லது என் பிள்ளைக்கு) அதை ஏன் தேர்வு செய்கிறீர்கள்?

• உலோகம் என்றால், பிறகு எடுக்க வேண்டி வருமா? எப்போது?

• கரையும் பொருள் என்றால், எத்தனை மாதம் பலம் இருக்கும்? முழுதாக மறைய எவ்வளவு காலம் ஆகும்?

• எப்போது முதல் காலில் முழு பாரம் கொடுக்கலாம்?

• பிற்காலத்தில் வீக்கம், வலி, நீர் வடிதல் வந்தால் எத்தனை நாளுக்குள் வர வேண்டும்?

உள்ளே வைத்த பொருளின் பெயரும் வகையும் எழுதிய ஸ்டிக்கரையோ அட்டையையோ கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போனாலும் அந்தச் சின்னத் தாள் பேசும்.

பிசியோதெரபியையும் தவறவிடாதீர்கள். ஸ்க்ரூ தன் பலத்தை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வரும். அது விட்ட பாரத்தை எலும்பும் தசையும் எடுத்துக்கொண்டால்தான் கணக்கு சரியாகும். டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே ஓடினாலும் தவறு, பயந்துகொண்டு கட்டிலைவிட்டு இறங்காமல் இருந்தாலும் தவறு. விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் போராடிச் சரிசெய்த கால அளவில், மீதிப் பாதி நோயாளியின் கையில்தான் இருக்கிறது.